ஒரே விலாசம்

விதானையார் கொடுத்த கடிதத்தில் இருந்தது நாலே வரி. மூன்றாவது வரிக்கு வந்ததும் சிவரூபிக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன. மேற்படி இருவரும் ஒரே விலாசத்தில் வசிக்கவில்லை என்றும், இத்திருமணம் பதிவேட்டில் மாத்திரமே உள்ளதாக விசாரணையில் தெரியவந்தது என்றும் எழுதியிருந்தது. கீழே கையொப்பம், முத்திரை, திகதி. ஒன்றும் குறைவில்லை.

யாரை விசாரித்தீர்கள் என்று கேட்டாள். அயலட்டையில் எந்தப் பொறாமை பிடித்தது வாய் வைத்ததோ, இன்றைக்கு அதன் வீட்டுப் படலையில் போய் நின்று நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் கேட்டாள்.

விதானையார் அஸீம், கிராம சேவகராகக் கந்தளாயிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஆள். முப்பது வயதிருக்கும். பொய் சொன்னால் உடனே பிடிபட்டுவிடுகிற முகம். அவர் பேனையை மூடி வைத்தார்.

"உங்கட அம்மாவைத்தான் தங்கச்சி விசாரிச்சன்."

சிவரூபி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய கணவனின் விசா முடிகிறது. அன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை கொழும்புக் குடிவரவுக் கந்தோரில் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அவனுடைய நாட்டுப் பொலிஸ் அறிக்கை, படங்கள் என்று கேட்டதெல்லாம் அலைந்து திரிந்து சேர்த்தாயிற்று. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று விதானையார் எழுதித் தரும் இந்தக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். போனவன் எப்போது வருவான் என்று எந்தக் கந்தோரும் சொல்லாது.

சிவரூபி கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில், துணி வெளுக்கும் பகுதியில் ஏழு வருடம் வேலை செய்தவள். அதே ஹோட்டலில் வேலையாட்களுக்குச் சமைக்கிற குசினியில் இருந்தவன் தேவ் பகதூர் ராய். நேபாளத்தின் கிழக்கு மலைப்பக்கத்து ஆள். வெளுக்கும் பகுதிப் பெண்கள்தான் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட வருவார்கள். அவர்களுக்கு என்று ஒரு சட்டி சோற்றைச் சுடச்சுட ஒதுக்கி வைப்பான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வருடம். இப்படிப்பட்டவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கட்டச் சொல்கிறீர்கள் என்று சிவரூபி வீட்டில் கேட்டாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். தொலைபேசியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பெடியன் கண்ணாலும் சிரிக்கிறான், அது காணும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அம்மா இரத்தினேஸ்வரிதான் ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்து பிறகு எழும்பினாள்.

இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வந்தார்கள். தாலி கட்டுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு மூன்று கிழமை இருக்கும்போது அப்பாவின் நெஞ்சு நின்றுவிட்டது. வீட்டில் சாவு விழுந்தால் ஆட்டைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருடத்துக்கு, நல்ல காரியம் ஒன்றும் கிடையாது. விசாவுக்கு ஆட்டையும் தெரியாது, திவசமும் தெரியாது. அது தன்பாட்டில் முடிந்துகொண்டே வந்தது. ஆகவே பதிவுக் கந்தோரில் எழுத்தை மட்டும் முடித்தார்கள்.

இங்கேதான் சிக்கல். இந்தக் கரையில் எழுத்து வேறு, கலியாணம் வேறு. எழுத்து முடிந்தால் அரசாங்கத்துக்கு அவர்கள் புருசன் பெண்சாதி. வீட்டுக்கு, தாலி ஏறினால்தான். இடையில் மாப்பிள்ளை வரலாம், விறாந்தையில் கதிரை போட்டு இருக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம். விளக்கு வைக்கிற நேரம் எழும்பிப் போய்விட வேண்டும். தேவ் பாலையூற்றில் யேசுரட்ணம், றோஸ் தம்பதியின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். காலையில் சைக்கிளில் வருவான். வளவு கூட்டுவான், மீன் வெட்டுவான், மாமியார் ஆகப்போகிறவளுக்கு மூட்டு வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பான். ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்துவிடுவான். ஐந்து மாதமாக இதுதான் பாடு. பெண்சாதியோடு தனியே நாலு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அம்மாவின் சொந்தக்காரர் யாராவது வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள்.

விதானையார் விசாரிக்க வந்த அன்று சிவரூபி வீட்டில் இல்லை. அம்மாதான் இருந்தாள். மகளின் கணவர் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று அவர் கேட்டதும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. என்ன கேள்வி இது! தகப்பன் செத்த வீட்டில், தாலி ஏறாமல், மகளை ஒருவனோடு படுக்கவிட்டு வைத்திருக்கிறாள் என்றா ஊரில் கதை? அவள் எழும்பி நின்றாள். அந்தப் பிள்ளை ஒரு இரவுகூட இந்த வீட்டில் தங்கியதில்லை என்றாள். தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அதுவும் போதாதென்று முன்வீட்டுச் சோபனாவைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தாள். சோபனாவும், ஆறு மணிக்குமேல் அவரை ஒழுங்கையில் பார்த்ததே இல்லை என்று அடித்துச் சொன்னாள். விதானையார் எல்லாவற்றையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். போகும்போது அம்மா அவருக்குத் தோடம்பழச் சாறும் கொடுத்து அனுப்பினாள். தன் மகளின் நடத்தைக்கு அரசாங்க முத்திரையோடு நற்சான்றிதழ் வரப்போகிறது என்று அந்த மனுசி நம்பிக்கொண்டிருந்தாள்.

சிவரூபி வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தாள். விதானையார் நல்லாக எழுதித் தந்தாரோ என்று தலை நிமிராமலே கேட்டாள். சிவரூபி கடிதத்தை உரக்க வாசித்தாள். மூன்றாவது வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

அம்மாவின் கை நின்றது. தான் அப்படிச் சொல்லவில்லை என்றாள். சொன்னது அத்தனையும் உண்மை, அதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்றாள். உண்மையாக இருந்தபடியால்தான் இவ்வளவு நாசம் என்று சிவரூபி கத்தினாள். சோபனா வீட்டு யன்னல் திறந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் அடித்து வரச் சொல்லு என்றாள்.

அம்மாவின் அண்ணன் யோகலிங்கம் சல்லியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்று வள்ளம் வைத்திருக்கிறவர், கந்தோர் வழக்கெல்லாம் தெரிந்தவர் என்று பெயர். கடிதத்தைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, இதென்ன பெரிய காரியம் என்று சிரித்தார். விதானையாரை இன்னொருதரம் வரச் சொல்ல வேண்டும். அவர் வருகிற அன்று பெடியனின் இரண்டு சேட்டையும் ஒரு சாரத்தையும் கொடியில் காயப் போட வேண்டும். பல்லுத் தீட்டுகிற தூரிகை ஒன்றைக் கிணற்றடியில் வைக்க வேண்டும். பெடியன் உள்கதிரையில் வெறும் மேலோடு இருந்து பேப்பர் பார்க்க வேண்டும். விதானையார் எழுதிக்கொண்டு போனதும் பின்னேரம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு பாலையூற்றுக்குப் போய்விடலாம். தாலி ஆட்டைக்குப் பிறகு முறையாக நடக்கும். ஊருக்கும் குறையில்லை, அரசாங்கத்துக்கும் குறையில்லை.

அம்மாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அரசாங்கத்துக்கு ஒரு பொய் சொல்வது பாவக் கணக்கில் வராது என்பது அவளுடைய நெடுநாள் கொள்கை. எந்தச் சேட்டைப் போடலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சிவரூபி இவ்வளவு நேரமும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவற்ற சேட்டு இஞ்ச வந்து இருக்கலாம். அவர் வந்து இருக்கேலாதோ?"

அவள் அதோடு விடவில்லை. கட்டின புருசனைத் தன் வீட்டில் வைத்திருப்பதற்குக் கள்ளச் சாட்சி போல் சாரம் காயப் போட மாட்டேன் என்றாள். இன்றைக்கு ஒரு பொய். நாளைக்குக் கொழும்பில் அவரையும் தன்னையும் தனித்தனியே இருத்தி, எந்தப் பக்கம் படுப்பீர்கள், காலையில் முதல் எழும்புவது யார் என்று கேட்டால் அதற்கு மாமாவா வந்து பதில் சொல்வார் என்று கேட்டாள். புதன்கிழமை விதானையார் வரட்டும், தேவ் சாமான் சட்டியோடு பகல் வெளிச்சத்தில் முன்படலையால் வருவார், வந்தவர் திரும்பிப் போக மாட்டார் என்றாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அம்மா எழும்பினாள்.

"தாலி இல்லாமல் ஒரு ஆம்பிளை இந்த வீட்டில படுத்தால், நாளைக்கு அப்பாவின்ர திவசத்துக்கு ஆர் வந்து என்ர வீட்டில கை நனைப்பினம்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மனுசி கணவனுக்குச் செய்ய மிச்சம் இருந்த ஒரே காரியம் அதுதான். ஊர் வராத திவசம் அவளைப் பொறுத்தவரை இரண்டாவது சாவு. சிவரூபிக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

"உங்கட வீடோ? உறுதியை எடுத்துப் பாருங்கோ அம்மா. வீடு என்ர பேரில கிடக்கு."

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவளுக்கு இருபத்தொரு வயது நடக்கும்போதே அப்பா வீட்டுப் பத்திரத்தை, சீதன உறுதியாக, அவள் பெயரில் எழுதிவிட்டார். அதை இதுவரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை. யோகலிங்கம் மாமாவே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவினாள், நெத்தலியை மூடி வைத்தாள். புதன்கிழமை காலையில் ஆட்டோ ஒன்று அனுப்பு அண்ணை, நான் சல்லிக்கு வாறன் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மகளோடு ஒரு பேச்சும் இல்லை. சோறு போட்டு மூடி வைப்பாள், கூப்பிட மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிவரூபி பாலையூற்றுக்குப் போனாள். தேவ் எல்லாவற்றையும் கேட்டான். இருவரும் கட்டாரில் பழகிய இந்தியில்தான் கதைப்பார்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு அந்த வீட்டுக்குள் வர எனக்கு மனம் இல்லை, நான் போகிறேன், திவசம் முடியத் திரும்பி வருகிறேன் என்றான். சிவரூபிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உன்னுடைய பொறுமைக்கு இந்த அரசாங்கம் விசா தருமென்றால் நீ இந்நேரம் பிரசையாகியிருப்பாய் என்று சொன்னாள். போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பெண்கள் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்துகிறார்கள் என்று பெயர் சொல்லி அடுக்கினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். றோஸ் அன்ரி கதவடியில் நின்று, தம்பி, நாளையோட அறையை விடுங்கோ, எனக்கு வேற ஆள் வருகுது என்றாள். வேறு ஆள் ஒருவரும் வரவில்லை. அந்தப் பொய்க்காக அவளைக் கும்பிடலாம்.

புதன்கிழமை காலை பத்து மணி. உட்துறைமுக வீதியில் இருந்து இறங்குகிற அவர்களுடைய ஒழுங்கைக்குள் ஆட்டோ வராது. சாமானை முகப்பிலேயே இறக்கினார்கள். ஒரு சூட்கேஸ், ஒரு சோறு அவிக்கிற மின்சட்டி, கத்திகள் சுற்றிய துணிப்பொட்டலம், ஒரு மெத்தை. மெத்தையைப் பிறகு எடுக்கலாம் என்று தேவ் சொன்னான். சிவரூபி அதைத்தான் முதலில் எடுத்தாள். சுருட்டிக் கயிறு போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒழுங்கையில் பதினொரு வீடு. பதினொரு வீட்டு வாசலிலும் ஆள். அவள் சேலையைக்கூட இழுத்துவிடவில்லை. ஊர் பார்க்கட்டும். பார்ப்பதற்காகத்தானே பகலில் வருகிறோம் என்று நிமிர்ந்து நடந்தாள். சோபனா மதிலுக்கு மேலால் எட்டி, மெத்தை ஆருக்குப் பிள்ளை என்று தேனொழுகக் கேட்டாள். என்ர மனுசனுக்கு அக்கா, உங்களுக்கும் ஒண்டு வேணுமோ என்று சிவரூபி திருப்பிக் கேட்டாள். மதிலில் இருந்து தலை இறங்கிவிட்டது.

விறாந்தையில் அம்மா பயணத்துக்கு வெளிக்கிட்டு இருந்தாள். பக்கத்தில் ஒரு கைப்பை. சல்லியில் இருந்து ஆட்டோ இன்னும் வரவில்லை. விதானையார் அஸீம் வந்துவிட்டார். கதிரையில் இருந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிவரூபி மெத்தையை விறாந்தையில் போட்டாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் தேவ் இல்லை. அவன் படலைக்கு வெளியே சூட்கேசோடு நின்றான். உள்ளே வா என்று கண்ணைக் காட்டினாள். அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவள் பல்லைக் கடித்தாள்.

விதானையார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நேற்றுவரை இல்லாதவர் இன்றைக்கு இருக்கிறார் என்று தான் எப்படி எழுதுவது? கடிதத்துக்காக நடிக்கிறார்கள் என்றுதானே மேலே உள்ளவர்கள் சொல்வார்கள்? காசுக்கும் விசாவுக்கும் கலியாணம் எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள், பிழையாக நினைக்கக்கூடாது என்றார்.

"நேற்றுவரைக்கும் இருக்கேல்ல சேர். இண்டையில இருந்து இருக்கிறார். இரண்டையும் எழுதுங்கோ. ஏன் இருக்கேல்ல எண்டதையும் எழுதுங்கோ."

அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது என்று சிவரூபி காட்டினாள். எங்களுக்கு எழுத்து முதல் வரும், தாலி பிறகு வரும், இடையில் சாவு வந்தால் ஒரு வருடம் தள்ளிப் போகும், அந்த ஒரு வருடத்தில் மாப்பிள்ளை வேறு வீட்டில் இருப்பார், இது களவு அல்ல, எங்கள் வழக்கம், அப்படியே எழுதுங்கள் என்றாள். கொழும்பில் கேட்டால் தான் வந்து வாயால் சொல்வதாகவும் சொன்னாள். பொய் வராத முகம் என்று முதலே சொன்னேன். விதானையார் தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்துவிட்டு முன்பக்கத்துக்கு வந்தார். பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் பேனை நின்றது. வீடு யாருடையது, யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டார்.

உறுதி அலுமாரிக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது காரியம். அம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அம்மாவின் பேரைப் போட்டு, அவள் பத்து நிமிடத்தில் ஆட்டோ ஏறிப் போனால் கடிதம் கிழித்துப் போடத்தான் உதவும். சிவரூபிக்கு அது நன்றாகத் தெரிந்தது. கந்தோர் எல்லாவற்றோடும் எதிர்த்து நிற்கலாம், ஒழுங்கை முழுவதோடும் நிற்கலாம். திங்கட்கிழமை சொன்ன அந்தச் சொல்லோடு மட்டும் அவளால் நிற்க முடியவில்லை.

"அம்மாவின்ர பேரைப் போடுங்கோ சேர். இரத்தினேஸ்வரி. இது அம்மாவின்ர வீடு."

விதானையார் எழுதினார். பிறகு, வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று வாசித்துவிட்டுக் கைப்பையைப் பார்த்தார். அம்மா எங்கேயோ பயணம் போல என்றார்.

ஒழுங்கை முகப்பில் ஆட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது. சல்லி ஆட்டோதான். சிவரூபி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயந்து, படலையில் நின்றவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா எழும்பினாள். விதானையாருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது என்ர பிள்ளையின்ர மானத்துக்கு. நீங்கள் எழுதினது அவளின்ர மானக்கேட்டுக்கு."

நீங்கள் சொன்னதைத்தானே அம்மா எழுதினேன் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார்.

"ஓம். நான் சொன்னதைத்தான் எழுதினீங்கள். இண்டைக்கும் நான் சொல்லுறதை எழுதுங்கோ." அவள் படலைப் பக்கம் திரும்பினாள். "மருமகன், வெயிலுக்க நிக்காதேங்கோ. உள்ள வாங்கோ."

அவளுடைய வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. தேவுக்குச் சொல் விளங்கியதோ இல்லையோ, சூட்கேசைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். சோபனாவின் தலை மறுபடியும் மதிலுக்கு மேலே வந்திருந்தது. மற்ற வீட்டு வாசல்களிலும் ஆட்கள் அசையவில்லை. முகப்பில் ஆட்டோ இன்னொருதரம் ஹோர்ன் அடித்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"எத்தினை பேர் எண்டுதானே கேட்டீங்கள்?" என்றாள், பதினொரு வீட்டுக்கும் கேட்கிற குரலில். "மூண்டு பேர். எழுதுங்கோ."